மாப்பிள்ளைக்கு புல்லட், மாமனாருக்கு எக்ஸ்.எல்.!

ஜாதகம் பார்க்கிற மாதிரி, மோட்டார் சைக்கிளைப் பார்த்தே ஒரு நாட்டின் குணத்தைச் சொல்லிவிடலாம் ஸார்!

அமெரிக்காவில் ரோடு நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் ஹார்லி டேவிட்ஸனில் ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி காலை நீட்டிக்கொண்டு போகிறார்கள். காரியத்தில் கறாரான ஜெர்மனியில், 1923-ல் பி.எம்.டபிள்யூ. வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளிலேயே செயின் கிடையாது, ஷாஃப்ட்தான். எண்ணெய் போடுவது, இழுத்துக் கட்டுவது என்ற வம்பே இல்லை. ஜப்பானில் 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பில் கிளட்ச் பிடிக்கிற வேலை கிடையாது. ஒரு கையில் நூடுல்ஸ் தட்டை ஏந்திக்கொண்டு, மறு கையால் ஓட்டுகிற ஹோட்டல் பையனுக்கும் சரிப்பட வேண்டுமாம்! 2017-க்குள் 10 கோடி வண்டி தயாராகிவிட்டது.

சரி, நம்ம சங்கதி?

புல்லட், இங்கிலாந்தில் பிறந்து 1955-ல் மெட்ராஸுக்குத் தத்து வந்த பிள்ளை. பெற்ற ஊரில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். வளர்த்த நாம் விடவில்லை. தெருமுனையில் 'டப்... டப்...' கேட்டால் வருகிறவர் போலீஸ் அல்லது பெரிய மனுஷர் என்று வைத்திருந்தோம்.

ஆனால் அசல் இந்திய டிசைன் எது தெரியுமோ? பின்சக்கரத்தில் பாதியை மூடுகிற அந்தத் தடுப்புதான். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி. பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் மாட்டக்கூடாது. நம் முந்தானைக்கு சீமைக் கம்பெனிகளும் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும்!

திருப்பூரின் ஜாதகம் மட்டும் மொபெட்டில் இருக்கிறது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் உட்காரலாம். இங்கே ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் இன்னோர் இடம். லாரி நுழையாத சந்துக்குள் கட்டைக் கொண்டுபோவது யார்? சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே காலி இடம் விட்ட இந்த வண்டிதான். 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100-ல் பின்சீட்டையே கழற்றி வைத்துவிடலாம். மூட்டைக்கு மரியாதை கொடுத்த டிசைன்!

நான் பி.காம். ஆச்சே, கணக்குப் பார்க்காமல் விடுவேனா? கட்டு வர ஒரு மணி நேரம் தாமதமானால், பீஸ் ரேட்டில் தைக்கிற அம்மணிக்கு அது சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழும்.

காதர்பேட்டை டீக்கடையில் ஒரு ஜாப் ஒர்க்காரரிடம் கேட்டேன்: "ஏனுங்ணா, ஒரு புல்லட் வாங்கிக்கலாமுங்களே?"

"வாங்கிட்டேனுங்க. மாப்பிள்ளை கேட்டாருன்னு கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்தேன்."

"உங்களுக்கு?"

"எனக்கு இதானுங்க" என்று எக்ஸ்.எல்.லைத் தட்டினார். "அந்தப் புல்லட்டுக்கு வட்டி கட்டறதே இவன்தானுங்க!"

சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார். முன்னால் கழுத்து மட்டம் வரை கட்டு. மேலே தலை மட்டும் தெரிந்தது.

முந்தானைக்காக சக்கரத்தையே மூட வைத்த ஊர் இது. அந்தத் தலைக்காகவும் யாராவது ஒரு வண்டி வரைந்தால் தேவலை!