விட்டு விட்டு எரியும் எஞ்சின் விளக்கு

சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கும் நம் வியாபாரிகள் பலருக்கும் பழகிய தொல்லை இது. காலையில் டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும். பட்டறைக்குப் போனால் அணைந்திருக்கும். சிலர் உடனே சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம்.

விளக்கு அணைந்தாலும் பிழை எண் வண்டியின் கம்ப்யூட்டரில் சில காலம் தங்கியிருக்கும். ஸ்கேனரில் பார்த்து அதை எழுதிக்கொண்ட பிறகே அழிக்க வேண்டும். அந்த எண் எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்லுமே தவிர, சென்சார்தான் கெட்டது என்று சொல்லாது.

வந்து வந்து போகும் கோளாறு பெரும்பாலும் ஒயரிலும் கனெக்டரிலும்தான். பள்ளத்தில் குலுங்கும்போது எரிகிறதா, மழைக்குப் பிறகா என்று டிரைவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கிற்குப் பாதி வேலை மிச்சம். பேட்டரி முனையில் பூத்திருப்பதும், எர்த் ஒயர் தளர்ந்திருப்பதும்கூடக் காரணமாகலாம். நல்ல பேட்டரி, வண்டி நின்றிருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும்.

நம் தொழிலுக்கென்றே ஒரு எதிரி உண்டு: எலி. அரிசியும் பருப்பும் சிந்திய வண்டியைக் குடோன் ஓரம் இரவெல்லாம் நிறுத்துகிறோம். அது பாதி கடித்த ஒயர் ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் விடும். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரைப் பார்த்தபடி மெக்கானிக் ஒயர்க் கட்டை மெல்ல அசைத்தால் இடம் அகப்பட்டுவிடும்.

பெட்ரோல், சி.என்.ஜி. வண்டியில் விளக்கு விடாமல் கண்சிமிட்டினால் மட்டும் ஓட்டாதீர்கள். எரியாத எரிபொருள் சைலன்சர் பக்கமுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். அதன் விலை பெரிது.