பூரி மிதப்பதும் ஆள் மிதப்பதும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குக் குளிக்கப் போகும் கூட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஓடையைக் கண்டதும் சட்டையைக் கழற்றுகிறவர்கள் ஒரு வகை. கழற்றிய சட்டைக்கும் செருப்புக்கும் செல்போனுக்கும் காவல் இருப்பவர்கள் இன்னொரு வகை. "மதினி, நீங்களும் வாங்க, முழங்கால் தண்ணிதான்" என்று கூப்பிட்டால், "நீங்க குளிங்க. குரங்கு வந்து கூடையைத் தூக்கிட்டுப் போயிரும், நான் பாத்துக்கிடுதேன்" என்று பதில் வரும். குரங்கு வருவது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, மதினிக்குத் தண்ணீர் என்றால் பயம்.

இந்தப் பயம் பலருக்குச் சின்ன வயதில் வந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களில் நீச்சல் பள்ளிக்கூடம் என்பது இறவைக் கிணறுதான். சில வீட்டில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்புக் கயிற்றைத் தாத்தா மேலே பிடித்துக்கொண்டு பொறுமையாக விடுவார். சில வீட்டில் மாமா பின்னால் வந்து தள்ளிவிடுவார். தள்ளிவிடப்பட்டவர்களில் சிலர் நீந்தினார்கள். மற்றவர்கள் அதன்பின் கிணற்றுப் பக்கமே போகவில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டுமே வாய்க்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல் ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக இறந்ததைப் பதிவு செய்தது. இலங்கையில் நீச்சலும் மரமேறுதலும் ஆண் பிள்ளைகளுக்கே அதிகமாகக் கற்றுத்தரப்பட்டன என்பதையும் அது சுட்டியது.

நாற்பது, ஐம்பது வயதில் நீச்சல் கற்க வருகிறவர் கையையும் காலையும் பற்றிக் கேட்பதில்லை. "தண்ணி என்னையத் தாங்குமா?" என்றுதான் கேட்கிறார். அதற்கான விடை மதினி காவல் காக்கும் கூடைக்குள்ளேயே, காலையில் சுட்டு அடுக்கிய பூரியில் இருக்கிறது.

சட்டியில் நடப்பது

எண்ணெய் காய்ந்ததும் தேய்த்த பூரியை விடுகிறோம். முதலில் அது அடிக்குப் போகிறது. அதே அளவு எண்ணெயைவிட மாவு கனம். ஒன்றிரண்டு நொடியில் மாவில் இருந்த ஈரம் ஆவியாகிறது. 1 கிராம் தண்ணீர் ஆவியானால் 1,600 மில்லி லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். மேலும் கீழும் வெந்து இறுகிய தோலுக்கு நடுவே அந்த ஆவி மாட்டிக்கொள்ள, பூரி உப்பி மேலே வந்துவிடுகிறது.

இதற்கிடையில் பூரியின் எடை பெரிதாக மாறவில்லை. அது அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும் பல மடங்கு கூடியிருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு எண்ணெயை விலக்குகிறதோ, அந்த எண்ணெயின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி இது. மிதக்க வேண்டுமென்றால் இளைக்க வேண்டியதில்லை, உப்பினால் போதும்.

நம் உடம்பின் கணக்கு

தசையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனம், கொழுப்பு லேசு. இவற்றுக்கு நடுவே உப்பக்கூடிய இடம் நுரையீரல்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோராயக் கணக்குதான். மூச்சை முழுக்க வெளியே விட்டால் அவர் உடம்பு சுமார் 58 லிட்டர் இடத்தை அடைக்கும். 58 லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 58 கிலோ. ஆக, தண்ணீர் அவரை 58 கிலோ அளவுக்குத் தாங்கும், 2 கிலோ பற்றாமல் மெல்ல அமிழ்வார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தால் 4 லிட்டர் காற்று உள்ளே போகும். இப்போது அவர் 62 லிட்டர். தாங்கல் 62 கிலோ, எடை 60 கிலோ, கையில் மிச்சம் 2 கிலோ.

ஆளுக்கு ஆள் இது மாறும். உடம்பில் கொழுப்பு கூடியவர்களுக்கு மிச்சம் அதிகம், ஒடிசலான தசைக்காரர்களுக்குக் குறைவு. கடலில் உப்புத் தண்ணீர் கனம் என்பதால் இதே ஆளுக்கு இன்னும் ஒன்றரை கிலோ கூடுதலாகக் கிடைக்கும். எப்படியானாலும் பெரும்பாலோருக்குக் கிடைப்பது சின்ன மிச்சம்தான். நீச்சல் கற்பதில் முதல் பாதி, இந்த 2 கிலோவை வீணாக்காமல் இருக்கக் கற்பதுதான்.

பயம் அதை எப்படிச் செலவழிக்கிறது?

பயந்தவர் முதலில் தலையைத் தூக்குவார். மனிதத் தலை நாலரை முதல் 5 கிலோ. தண்ணீருக்குள் இருக்கும்வரை அதன் கனம் தெரியாது. வெளியே எடுத்த நொடியில் அவ்வளவும் உங்கள் தலையில்தான். கையிருப்பே 2 கிலோ என்கிறபோது அதற்கு எங்கே போவது? உடம்பு கீழே இறங்கும். இறங்குகிறதே என்று இன்னும் தலையைத் தூக்குவார், இன்னும் இறங்கும்.

அடுத்து கையைத் தூக்குவார். ஒரு கை 3 கிலோ. அதற்கடுத்து "ஐயோ" என்று கத்துவார், உள்ளே இருந்த காற்றும் போய்விடும். பயத்தில் விடும் மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே படபடவென்று நின்றுவிடும். சாதாரண மூச்சில் உள்ளே போவதே அரை லிட்டர்தான். பூரி உப்புவதற்குள் ஜல்லிக்கரண்டியால் அமுக்கிக் குத்தினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

தலையைத் தண்ணீரில் சாய்த்து வைத்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிய மல்லாக்கப் படுத்தால் செலவு 2 கிலோவுக்குள் அடங்கிவிடும். காதுக்குள் தண்ணீர் போகும், அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குப் பயந்தவர்களுக்கு இருப்பதிலேயே சிரமமான காரியம் இதுதான்.

பாதி உப்பிய பூரி

ஒரு பக்கம் மட்டும் உப்பிய பூரி சட்டியில் சாய்ந்து நிற்கும். உப்பிய பக்கம் மேலே, உப்பாத பக்கம் எண்ணெய்க்குள். நம் உடம்பும் அந்த ரகம். காற்று இருப்பது நெஞ்சில். எடையின் மையமோ தொப்புளுக்குக் கீழே. அதனால் மிதக்கும்போது கால் தானாகத் தாழும். புதிதாகக் கற்கிறவர்கள் "கால் இழுக்குது" என்று பதறுவார்கள். கீழே யாரும் இழுக்கவில்லை.

சரிசெய்ய வழி இருக்கிறது. இரண்டு கையையும் தண்ணீருக்குள்ளேயே தலைக்கு மேலே நீட்டினால் எடையின் மையம் நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் நகரும், கால் மேலே வரும். கொஞ்சம் தாழ்ந்தே இருந்தாலும் பரவாயில்லை. சாய்ந்த பூரியும் மிதக்கத்தான் செய்கிறது.

உவமை உதவாத இடம்

பூரிக்குள் மாட்டிய ஆவி அங்கேயே இருக்கலாம், நம்மால் அப்படி இருக்க முடியாது. மூச்சை விட்டு மறுபடி வாங்கியாக வேண்டும். புதியவர்கள் செய்யும் தப்பு, முகத்தை முக்கியதும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. மூச்சு முட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததால். அடக்கிக்கொண்டே இருந்தால் அது ஏறும், அதோடு பதற்றமும் ஏறும். தலையைத் தூக்கியதும் விடவும் வேண்டும், வாங்கவும் வேண்டும், ஒரு நொடியில் இரண்டும் நடக்காது.

அதனால் தண்ணீருக்குள் இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். மூக்கு வழியாக "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே விடுவது எளிது. காற்று வெளியே வந்துகொண்டிருக்கும்வரை மூக்குக்குள் தண்ணீர் ஏறாது. நல்ல தண்ணீர் மூக்கில் ஏறினால் சுரீரென்று எரிவதற்குக் காரணம், அதில் நம் உடம்பின் நீரில் உள்ள அளவு உப்பு இல்லாததுதான். எரிந்தால் ஆபத்து என்று அர்த்தமில்லை.

உடம்பும் ஒரு கை கொடுக்கிறது. மூச்சை அடக்கிக் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைத்தால் இதயத் துடிப்பு குறையும். சீல் முதல் மனிதர் வரை பாலூட்டிகளுக்கு உள்ள இயல்பு இது. ஆனால் முதலில் முகம் மட்டும், பழகின தண்ணீரில். திடீரென்று முழு உடம்பும் சில்லென்ற தண்ணீரில் விழுந்தால் நேர்மாறாக மூச்சு திணறித் துடிப்பு எகிறும். கிணற்றில் தள்ளிவிட்ட மாமா செய்தது இதைத்தான். காயாத எண்ணெயில் பூரியை எறிந்துவிட்டு மாவைக் குறை சொன்னார்.

ஓடையில் ஏன் கற்கக் கூடாது?

அப்படியானால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்பிலேயே பழகிவிடலாமே என்று தோன்றும். கூடாது. அங்கே பாறை வழுக்கும், ஆழம் ஒரு எட்டில் மாறும். அருவி விழும் இடத்தில் இன்னொரு கணக்கும் இடிக்கிறது. வெள்ளையாகப் பொங்கும் தண்ணீரில் பாதி அழகு காற்றுக் குமிழிதான். காற்று கலந்த தண்ணீர் லேசு. நூற்றில் 5 பங்கு குமிழி இருந்தால் 62 லிட்டர் ஆளுக்கு 3 கிலோ தாங்கல் குறையும். நம் கையிருப்பு 2 கிலோ. நன்றாக நீந்துகிறவர்களும் அருவியடியில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வந்து சேரும். இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில் 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். செண்பகத்தோப்பு, 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்துப் பகுதி. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் உருவானபோது அதில் சேர்ந்தது. வனத்துறை உள்ளே விடாத நாளில் திரும்பிவிடுவதுதான் புத்தி.

கூட்டத்தோடு போனவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அரை நொடியில் மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும். சத்தமில்லாமல் நேராக நின்றபடி கையால் தண்ணீரை அமுக்குகிற ஆள் விளையாடுகிறார் என்று நினைக்காதீர்கள். குதிக்காமல் வேட்டி, துப்பட்டா, கயிறு, காலி கேன் எதையாவது எறியுங்கள். 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக ஐ.நா. அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

எந்த வரிசையில் கற்பது?

இடம், நெஞ்சளவு தண்ணீர் உள்ள, பயிற்சியாளர் கூடவே இறங்குகிற நீச்சல்குளம். உடை, உடம்போடு ஒட்டியது. சேலையும் தொளதொள பாவாடையும் காலைச் சுற்றும். இதய நோயோ வலிப்போ இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகு.

முதலில் படியைப் பிடித்துக்கொண்டு மேலே மூச்சு வாங்கி, முகத்தை முக்கி மூக்கால் விடுவது. இது சலித்துப்போகும்வரை வேறெதுவும் வேண்டாம். பிறகு, மூச்சு நிறைய வாங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டு உட்காருவது. முதலில் கொஞ்சம் அமிழும், பொறுத்திருந்தால் முதுகு தானாக மேலே வரும். சட்டியில் பூரிக்குக் கொடுக்கும் அந்த இரண்டு நொடியை உங்களுக்கும் கொடுங்கள். பிறகு மல்லாக்க மிதப்பது, பயிற்சியாளரின் உள்ளங்கை தலைக்கு அடியில் இருக்க.

இவற்றோடு சேர்த்துப் பழக வேண்டியது, மிதந்தபடியே எழுந்து நிற்பது. முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுத்து, கையால் தண்ணீரைக் கீழே அமுக்கி, பாதம் தரையில் பட்ட பிறகு கடைசியாகத் தலையைத் தூக்க வேண்டும். நினைத்த நேரத்தில் நிற்கமுடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். கையடிப்பதும் காலடிப்பதும் அதற்கு அப்புறம்.

சேர்வதற்கு முன் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, முதல் நாள் என்ன சொல்லித் தருவீங்க?" "கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் காலை அடிங்க" என்றால் வேறு இடம் பாருங்கள். "மூச்சு விடச் சொல்லித் தருவேன்" என்றால் பணத்தைக் கட்டிவிடலாம்.