எங்கே வலிக்குது கண்ணு?

என் பேத்திக்கு அப்போ ரெண்டு வயசு. ஒருநாள் ராத்திரி பூரா அழுதாள். வயித்து வலியா இருக்கும்னு ஓமத்தண்ணி கொடுத்தோம். உரம் விழுந்திருக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. விடியக்காலையில் காதில் சீழ் வடிஞ்ச பிறகுதான் விஷயம் தெரிஞ்சுது. "காது" என்கிற ஒரு சொல் அவளுக்குத் தெரிஞ்சிருந்தா, இல்லை காதைத் தொட்டுக் காட்டப் பழகியிருந்தா, அத்தனை நேரம் துடிச்சிருக்க மாட்டாள்.

அதை அவளுக்குச் சொல்லித் தராதது எங்க தப்புதான். எங்க வீட்டில் தறி ஓடுது. குமாரபாளையம், பள்ளிபாளையம், எடப்பாடிப் பக்கம் இருக்கிற சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தறிச் சத்தத்தில் நாம பேசுறது நமக்கே கேக்காது. தொட்டியில் கிடக்கிற பிள்ளைக்கு எப்படிக் கேக்கும்? அதனால் தறி நிக்கிற நேரத்தில், கரண்டு போன நேரத்தில், குளிப்பாட்டுற நேரத்தில் பேச வேண்டியதுதான்.

குழந்தை பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் சொல்லித் தரலாம் என்று காத்திருக்க வேண்டாம். வாயால் சொல்வதற்கு முன்னாடியே குழந்தைக்குப் புரிய ஆரம்பித்துவிடும். ரெண்டு வயசு ஆகும்போது "மூக்கு எங்கே, வாய் எங்கே?" என்று கேட்டால் ரெண்டு உறுப்பையாவது தொட்டுக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், பேர் சொன்னால் திரும்பிப் பார்க்குதா, காது நல்லாக் கேக்குதா என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் அங்கன்வாடி டீச்சரிடமோ நர்சம்மாவிடமோ சொல்லுங்கள்.

குளியல்தான் முதல் பாடம். காலில் படுக்கப்போட்டு எண்ணெய் தேய்க்கும்போது சும்மா தேய்க்காமல், "இப்போ முட்டி, இப்போ பாதம், இப்போ முதுகு" என்று சொல்லிக்கிட்டே தேய்க்கலாம். கொஞ்ச நாள் கழித்து, "அடுத்து எங்கே தண்ணி ஊத்தட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். வயித்தைத் தள்ளிக் காட்டும்!

நம்ம அம்மாயிமார் விளையாடின நண்டு ஊருகிற விளையாட்டு ஞாபகம் இருக்கா? குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவோம். ஒவ்வொரு விரலா மடக்கி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று சோறு பங்கு வைப்போம். அப்புறம் நம்ம ரெண்டு விரலும் நண்டு மாதிரி கையில் ஏறிப்போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும். அந்த நண்டைக் கொஞ்சம் மெதுவா நடக்க விடுங்கள். மணிக்கட்டில் நிக்கட்டும், முழங்கையில் நிக்கட்டும், தோளில் நிக்கட்டும். நிக்கிற இடத்தின் பேரைச் சொல்லுங்கள். அடுத்து கிச்சுகிச்சுதான் என்று தெரிஞ்சுக்கிட்டு பிள்ளை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு காத்திருக்கும். அந்த நேரத்தில் சொன்ன சொல் சீக்கிரம் மனசில் நிக்கும். கையை விட்டால் கால் இருக்கு. கட்டைவிரலில் கிளம்பி, கணுக்கால், முட்டி, தொடை, தொப்புள் வரைக்கும் நண்டு போகலாம். இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னொன்று, தெரிஞ்சே தப்புச் செய்வது. செருப்பைக் கையில் மாட்டுங்கள். பொட்டை மூக்கில் வையுங்கள். சோத்தைக் காதுக்குக் கொண்டு போங்கள். பிள்ளை சிரிச்சுக்கிட்டே உங்க கையைப் பிடிச்சு வாய்க்கு இழுக்கும். பெரியவங்களைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் கத்துக்காதா என்று மருமகள் கேட்டாள். ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், ரெண்டு வயசில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. போன் கிச்சுகிச்சு மூட்டாது இல்லையா?

அப்புறம் ஒரு விஷயம். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. கண், காது எல்லாம் சொல்லித் தருகிற நாம், ஒன்னுக்குப் போற இடத்துக்கு மட்டும் பேர் சொல்வதில்லை. சொன்னாலும் வீட்டுக்கு ஒரு செல்லப் பேர். அங்கே புண் வந்தாலும், எரிச்சல் வந்தாலும், யாராவது தப்பாகத் தொட்டாலும் பிள்ளை எப்படிச் சொல்லும்? செல்லப் பேரைச் சொன்னால் டீச்சருக்கோ டாக்டருக்கோ புரியுமா? அதனால் வெளியாளுக்கும் புரிகிற ஒரு சொல்லை, முகம் சுளிக்காமல், குளிப்பாட்டும்போதே சொல்லிக் கொடுங்கள். மூணு வயசு வாக்கில், "இங்கே அம்மாவும் அம்மாயியும் கழுவி விடலாம், அம்மா பக்கத்தில் இருந்தா டாக்டர் பார்க்கலாம், வேற யாரும் தொடக் கூடாது. யார் தொட்டாலும் உனக்குப் பிடிக்கலைன்னா என்கிட்டே ஓடி வந்து சொல்லணும்" என்று சொல்லலாம். ஆண் பிள்ளைக்கும் இதேதான். பிள்ளை வந்து சொன்னால் அதட்டாதீர்கள், "பொய் சொல்றே" என்று தள்ளாதீர்கள். குழந்தைகளைப் பாதுகாக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது. 1098 என்ற எண்ணுக்கு ராத்திரி பகல் எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். குழுக் கூட்டம் நடக்கிற இடத்தில் அந்த எண்ணை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி வையுங்கள்.