ஐந்தாண்டு காத்திருந்தால் 600 ரூபாய்

21 வயதில் பட்டம் வாங்கிய கையோடு ஓர் இளைஞர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழக அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு அவர் தகுதி பெறும்போது வயது 26 ஆகியிருக்கும். பதிந்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். இடையில் புதுப்பிக்கத் தவறியிருக்கக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டதாரியின் பாஸ்புக்கில் 1,800 ரூபாய் ஏறும். நாள் கணக்கில் பார்த்தால் 20 ரூபாய். ஒரு நேர்முகத் தேர்வுக்கு வெளியூர் போய்வந்தாலே ஒரு மாதப் பணம் கரைந்துவிடும். இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணமும் தரவேண்டும். மூன்றாண்டு முடிந்ததும் உதவி நின்றுவிடும். மொத்தம் 21,600 ரூபாய்.

பார்த்த வேலையை இழந்தவருக்கு வேறொரு வழி இருக்கிறது, அவர் இ.எஸ்.ஐ. சந்தாதாரராக இருந்தால். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கான திட்டம் இது. சம்பளத்தில் 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் 3.25 சதவீதத்தை முதலாளியும் செலுத்துகிறார்கள். இதில் 2018-ல் வந்த ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’, வேலையிழந்தவருக்குச் சம்பளத்தில் கால் பங்கை 90 நாள்வரை கொடுத்தது. கொரோனா வேலைகளைப் பறித்த 2020-ல் அது பாதியாக உயர்ந்தது. 18,000 ரூபாய் வாங்கியவருக்கு மூன்று மாதத்தில் 27,000 ரூபாய் கிடைக்கும்.

முன்னது வரிப்பணம், பின்னது சந்தாப் பணம். ஜவுளிக்கடையிலோ கட்டடத்திலோ சந்தா பிடிக்காமல் வேலை பார்த்து நின்றுபோனவருக்கு இந்த 27,000 கிடையாது. வேலை போன மறுமாதமே அவருக்கும் வாடகையும் மளிகைக் கடனும் வந்து நிற்கின்றன. உதவி தேவைப்படுவது அப்போதுதான்.

காத்திருப்பைக் குறைக்க முடியாதா? அதே வேலைவாய்ப்பு அலுவலகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும். வருமான வரம்பு இல்லை. பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் பத்தாண்டு வரை கிடைக்கிறது. இந்த ஓராண்டு விதி மற்றவர்களுக்கும் வந்தால், 21 வயதில் பதிந்த அந்த இளைஞர் 22 வயதிலேயே விண்ணப்பம் கொடுத்துவிடலாம்.