தொடுதிரையும் இடனறிதலும்

கருவியின் சிறப்பு அதனை ஆக்கியோன் மதியால் மட்டும் அமைவதன்று. அது வழங்கும் இடத்தாலும் அமைவது. ஏர் நல்லதாயினும் பாறையிற் செல்லாது. மரக்கலம் பெரிதாயின் பரவைக்கடலிலே தரை தட்டும். இவ்வுண்மை இக்காலத்து யாவர் கையிலும் விளங்கும் தொடுதிரைக்கும் பொருந்தும். தொடுதிரை ஒரே வகையினது எனப் பலர் கருதுவர். தொடுகையை அறியும் முறையால் அது பல வகைப்படும். எவ்வகை எவ்விடத்துக்கு ஏற்றது என்பதை, உவர்க்காற்றும் கடுவெயிலும் மாரிமழையும் ஒருங்கமைந்த வேலணை முதலாய தீவகச் சூழலில் வைத்து நோக்குதல் பயனுடைத்து.

தொடுதிரையின் தனிச்சிறப்பு யாது? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைக்க முயன்றபோது, 247 எழுத்துக்களையும் சிலவாகிய சாவிகளுள் அடக்குதலே பெருந்தடையாய் நின்றது. அங்கே ஒருகாற் பொறித்த சாவி பின்னர் மாறாது. தொடுதிரையிலோ ஒரே பரப்பு வேண்டியவாறெல்லாம் மாறும். எழுத்து வேண்டின் எழுத்து. எண் வேண்டின் எண். கடல்வரைபடம் வேண்டின் அதுவும் ஆம். ஆயினும் இச்சிறப்பினுள்ளேயே ஒரு குறையும் மறைந்து கிடக்கின்றது. அது பின்னர்ப் புலப்படும்.

இத்திரை கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. 1965 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மால்வேண் நகரில் இருந்த அரச றேடார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் கொள்ளளவ முறைத் தொடுதிரையை விளக்கி எழுதினார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடே அவர் கருதிய பயன். 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சாமுவேல் ஹேர்ஸ்ற் தடைமுறைக்கு வழிகோலினார். 1972 இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் பிளேற்றோ என்னும் கற்பித்தற் கணினியில், மாணவர் விடையைத் தொட்டுக்காட்டச் செந்நிறக்கீழ்க் கதிர்முறை பயன்பட்டது. 2007 இல் வெளிவந்த ஐபோன் கொள்ளளவ முறையை உலகெங்கும் பரப்பிற்று. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு தேவையை முன்னிட்டு எழுந்ததென்பது தெளிவு.

முதலிற் கொள்ளளவ முறையை நோக்குவோம். கண்ணாடியின் கீழே, கண்ணுக்குத் தோன்றாத இந்தியம்-வெள்ளீய ஒட்சைட்டுப் படலத்தால் மின்வாய்கள் குறுக்கும் நெடுக்குமாக அமைக்கப்படும். அவற்றிடையே நுண்ணிய மின்புலம் நிலவும். மனித உடல் மின்கடத்தியாதலின், விரல் அணுகியதும் அப்புலத்தின் ஒரு பங்கைக் கவரும். எச்சந்தியிலே குறைவு நேர்ந்ததென அளந்து கருவி இடத்தை அறியும். இதனை அழுத்த வேண்டுவதில்லை. பல விரல்களையும் ஒருங்கே அறியும். மேற்பரப்பு கண்ணாடியாதலின் தேய்வு குறைவு. ஒளியும் நன்கு ஊடுருவும். எனினும், மின்கடத்தும் பிற பொருள்களையும் அது விரலென மயங்கும். மழைத்துளி மயக்கும், மின்னை மிகுதியாகக் கடத்தும் கடனீர் அதனினும் மயக்கும். தடித்த கையுறையோ மின்கடத்தாக் காவலியாதலின் விரலை மறைத்துவிடும்.

தடைமுறை இதற்கு மறுதலை. மின்கடத்தும் படலம் பூசிய இரு பரப்புகள், சிறு காவலிப் புள்ளிகளால் விலக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலுள்ள நெகிழ்தாளை அழுத்தியதும் இரண்டும் தொடும். தொட்ட இடத்து மின்னழுத்தத்தை அளந்து கருவி இடத்தை அறியும். அறியப்படுவது அழுத்தமேயாதலால் ஈரவிரல், கையுறை, எழுதுகோல் ஆகிய யாவும் இதற்கு ஒன்றே. குறை யாதெனின், மேற்றாள் கீறற்படும். பல்கால் அழுந்தித் தேயும். நாற்கம்பி அமைப்பில் இரு பரப்புகளும் அளவீட்டிற் பங்குகொள்வதால் மேற்றாள் தேயவே இடம் பிழைபடும். ஐங்கம்பி அமைப்பில் அழுத்தவேறுபாடு கீழ்க் கண்ணாடியில் மட்டும் அமைதலின் அது நெடுநாள் உழைக்கும். மேலும், பரப்புகளின் இடைவெளியிலுள்ள காற்று வெயிலை எதிரொளிக்கச் செய்வதால், பட்டப்பகலில் திரை மங்கித் தோன்றும்.

செந்நிறக்கீழ்க் கதிர்முறையில் திரையின் விளிம்புகளிலிருந்து கட்புலனாகாக் கதிர்கள் வலைபோற் பாயும். விரல் மறித்த கதிர்களே இடத்தைக் காட்டும். பெரிய திரைகளுக்கு இஃது உகந்தது, எப்பொருளாலும் தொடலாம். ஆயின் நேர்வெயிலும், விளிம்பிற் படியும் தூசியும், திரையில் வந்தமரும் பூச்சியும் இதனைக் கெடுக்கும். கழியொலி அலைமுறையில், செவிக்கு எட்டாத அலைகள் கண்ணாடிமேற் செல்ல, மென்மையான விரல் அவற்றை உறிஞ்சும். படம் மிகத் தெளிவாகத் தோன்றும். ஆனால் ஒரு நீர்த்துளியோ அழுக்கோ தங்கின் அதுவும் விரலாகிவிடும். ஆதலின் இஃது அடைந்த மண்டபங்களுக்கே உரியது.

இனி, இவற்றை நம் சூழலிற் பொருத்திக் காண்போம். பள்ளி வகுப்பறைகளிற் பெரிய திறன்பலகைக்குச் செந்நிறக்கீழ்க் கதிர்முறை ஏற்றது. ஆனால் வெண்கட்டித் தூள் விளிம்பிற் படியாது நாள்தோறும் துடைத்தலும், சாளர வெயில் நேரே படாது நிறுத்துதலும் வேண்டும். வைத்தியசாலையிற் கையுறையணிந்த கை தொடும். கிருமிநீக்கி கொண்டு பல்கால் துடைக்கவும்படும். அங்கே மெல்லிய கையுறையையும் அறியுமாறு அமைத்த கொள்ளளவத் திரையோ ஐங்கம்பித் தடைத்திரையோ பொருந்தும்.

கடற்றொழிலாளர் நிலையே மிக அரியது. பாக்குநீரிணைப் பகுதியில் இலங்கை இந்தியக் கடலெல்லை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்டது. அக்கோடு அலைமேற் புலப்படாது. கருவித் திரையிலேயே புலப்படும். சோளகக் காற்றில் உவர்த்துளி தெறிக்க, வலையிழுத்த ஈரக்கையோடு தாம் நிற்குமிடத்தை அறிய வேண்டியவருக்குத் திரை பிழைத்தால் அது சிறு பிழையன்று. தடைத்திரை ஈரக்கையை அறியுமாயினும் பகல்வெயிலில் மங்கும். கொள்ளளவத் திரை வெயிலில் தெளியுமாயினும் கடனீரில் மயங்கும். இம்முரணை அறிந்தே, படகுக் கருவிகள் பலவற்றில் இடைக்காற்று இன்றி ஒட்டிய கண்ணாடித் திரையோடு அழுத்து விசைகளும் வைக்கப்படுகின்றன.

நீர்புகாக் கருவி என்னும் பெயர்கண்டு மயங்குவாரும் உளர். ஐ.பி. 67 என்னும் தரக்குறி, தூசி உட்புகாமையையும், ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தும் கேடுறாமையையும் குறிக்கும். நனைந்த திரை தொடுகையைச் செவ்வனே அறியும் என்பது அதன் பொருளன்று. அச்சோதனையும் நன்னீரிற் செய்யப்படுவதே. கடனீரின் அரிப்பை அது அளப்பதில்லை.

முற்கூறிய மறைகுறை இனி விளங்கும். சாவியை விரல் தடவி அறியும், கண் வேண்டுவதில்லை. தொடுதிரையிலோ எல்லாவிடமும் ஒரே வழுவழுப்பு. கண் பார்த்தே கை செல்லல் வேண்டும். 2017 ஓகஸ்ற் 21 ஆம் நாள், ஜோன் எஸ். மக்கெயின் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே அல்னிக் எம்.சி. என்னும் எண்ணெய்க் கப்பலோடு மோதிற்று. மாலுமிகள் 10 பேர் மாண்டனர். சுக்கானும் வேகமும் தொடுதிரையால் இயக்கப்பட்ட அக்கப்பலில், எந்நிலையத்தின் கையிற் சுக்கான் உள்ளதென்பதே மாலுமிகளுக்கு விளங்காது போயிற்று. பயிற்சிக் குறையோடு அத்திரையமைப்பும் பிழைக்கு இடந்தந்ததென அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2019 இல் அறிவித்தது. அவ்வாண்டிலேயே, அவ்வகைக் கப்பல்களில் வேகத்துக்குக் கையாற் பிடிக்கும் நெம்புகோல்களை மீண்டும் பொருத்தப்போவதாக அந்நாட்டுக் கடற்படை தெரிவித்தது. அங்கே திரையை மயக்கியது கடனீரன்று. மனிதரை மயக்கியது திரை.

வள்ளுவர் காலமறிதலை அடுத்து இடனறிதலை வைத்தார். புதுமை கண்டு கருவியைக் கொள்ளுதல் காலமறிதலாகலாம். அஃது எக்கையில், எக்காற்றில், எவ்வெயிலில் வழங்கும் என ஆராய்ந்து கொள்ளுதலே இடனறிதல். உயிர் கருவியை நம்பி நிற்குமிடத்து, விரல் உணரும் ஒரு விசையேனும் திரையின் அருகே இருத்தல் வேண்டும்.