வீடு கட்டி முடிந்ததும் பள்ளியை இழக்கும் பிள்ளைகள்

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஏதாவது ஒரு தெருவில் பழைய வீட்டை இடித்து மாடி வீடு எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். மணல் குவியலை ஒட்டி ஒரு தகர ஷெட் இருக்கும். அதில் ஒரு குடும்பம் குடியிருக்கும். அப்பா இரவில் கம்பிக்கும் சிமென்ட் மூட்டைக்கும் காவல், பகலில் கொத்தனாருக்குக் கையாள். அம்மாவுக்குச் சித்தாள் வேலை. காலையும் மாலையும் தளத்துக்குத் தண்ணீர் விடும் கியூரிங் வேலையும் அவர் தலையில்தான். சொந்த ஊர் ராய்ச்சூர், யாதகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, மேற்கு வங்கம் என எதுவாகவும் இருக்கலாம். வீட்டு வேலை முடிய பத்து மாதமோ ஒரு வருடமோ ஆகும். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஷெட்டைப் பிரித்துக்கொண்டு, மேஸ்திரி கைகாட்டும் அடுத்த சைட்டுக்குக் குடும்பம் கிளம்பிவிடும்.

அந்த ஷெட்டில் வளரும் பிள்ளை எந்த மாதம் பள்ளியில் சேரும், எந்த மாதம் நிற்கும் என்பதைக் கட்டட வேலைதான் தீர்மானிக்கிறது. வடகர்நாடகத்தின் மானாவாரிப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அறுவடை முடிந்து நவம்பர், டிசம்பரில் நகரத்துக்கு வருகிறார்கள். மழை பிடிக்கும் ஜூனில் ஊர் திரும்புகிறார்கள். பள்ளியோ ஜூன் வாக்கில் திறந்து ஏப்ரலில் மூடுகிறது. ஊர்ப் பள்ளியில் பாதி ஆண்டு படித்த பிள்ளைக்கு மீதிப் பாதி கைநழுவிப் போகிறது.

இந்தச் சிக்கல் சிறியதன்று. இந்தியாவில் பருவகால இடப்பெயர்வு உள்ள கிராமப்புறக் குடும்பங்களில் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 2013இல் 1.07 கோடிப் பேர் இருந்ததாக, இடப்பெயர்வும் கல்வியும் பற்றிய யுனெஸ்கோவின் 2019ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை குறிப்பிட்டது. அத்தகைய குடும்பங்களில் 15 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 28 சதவீதத்தினர் எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லது தொடக்கக் கல்வியை முடிக்காதவர்கள். அதே வயதினர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் இது 18 சதவீதம்.

ஒரு நாள் கற்றுத் தருவது

ஷெட்டில் வாழும் ஒன்பது வயதுச் சிறுமியின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகும். விடியும் முன் எழுந்து சம்ப்பிலிருந்து தண்ணீர் சேந்திக் குடம் நிரப்புவாள். அம்மா சோறு வடித்து முடிக்கும் வரை தம்பி அவள் இடுப்பில். மேஸ்திரி டீ கேட்டால் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு ஓடுவாள். 12 ரூபாய் வீதம் ஆறு டீ. கையில் 100 ரூபாய் நோட்டு. மீதி 28 ரூபாயில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கடைக்காரரிடம் அங்கேயே கேட்டு வாங்கிவிடுவாள்.

அதே கணக்கைச் சிலேட்டில் 100 - 72 என்று எழுதிக் கொடுத்தால் விடை 38 என்று வரக்கூடும். ஒன்றாம் இடத்துக்குக் கடன் வாங்கிய பத்தை அடுத்த இடத்தில் குறைக்க மறந்திருப்பாள். 'கணக்கே வராது' என்று வகுப்பு அவளை ஒதுக்கிவிடும்.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்பனை செய்த பிள்ளைகளிடம் இதையே ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள் டெரேசின்யா கராஹேர், டேவிட் கராஹேர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும். ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பிள்ளைகள்தான். ஆனால் வித்தியாசம் மலைக்க வைத்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதமே சரி. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் செய்த பெரிய ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியானது. சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள் மனக்கணக்கில் தேர்ந்திருந்தும் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஓரிடத்தில் கற்றது மற்றோரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. கொண்டு சேர்க்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

இதைச் சொல்வது குழந்தை உழைப்பைப் போற்றுவதற்காக அன்று. கட்டடத்தில் மூடாத குழியும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் உண்டு. தூக்கம் குறைந்த பிள்ளை வகுப்பில் கண்ணயரும். 14 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்த 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்கூட, குடும்ப வேலையைப் பொறுத்தவரை, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாதவற்றுக்கு உதவுவதை மட்டுமே விட்டுவைத்திருக்கிறது. பொறுப்பு, சமயோசிதம், பேரம் பேசும் துணிவு ஆகியவற்றை வாழ்க்கை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது; அவற்றின் மேல் பாடத்தைக் கட்டுவது பள்ளியின் வேலை.

தம்பிக்கு இடம் கிடைத்தால் அக்கா பள்ளிக்குப் போவாள்

பெண் பிள்ளைகள் வகுப்புக்கு வராததற்குப் பல நேரம் காரணம் அந்த இடுப்புக் குழந்தைதான். ஜல்லிக்கும் கம்பிக்கும் நடுவே அதைத் தனியே விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. 1969இல் டெல்லியில் கட்டுமானத் தளம் ஒன்றில் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பு அப்படிப் பிறந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், 50 பெண் தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று விதித்தது. பெரிய அடுக்குமாடித் தளங்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில் ஒரு சைட்டில் ஒரு குடும்பம்தான் இருக்கும். இவர்களுக்கு எட்டக்கூடியது தெருமுனை அங்கன்வாடி மட்டுமே. சித்தாள் வேலை முடியும் நேரம் வரை அது திறந்திருந்தால், அக்காவின் வருகைப்பதிவும் அதனாலேயே சீராகும்.

தெருவில் நான்கு மொழி

ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர் தெருக்களில் தமிழ், கன்னடம், தக்னி உருது, தெலுங்கு எல்லாம் கலந்து ஒலிக்கும். வந்த சில மாதங்களில் பிள்ளை இவற்றில் இரண்டு மூன்றைப் பிடித்துக்கொள்கிறது. கால்பந்துக்குப் பேர்போன பகுதி இது. மாலையில் மைதானத்துக்குப் போனால், பந்தை எவன் நன்றாக உதைக்கிறானோ, அவன் எந்த மொழி பேசினாலும் அணியில் சேர்ந்துவிடுவான்.

எழுத்து வேறு விஷயம். திருவண்ணாமலையில் தமிழில் நான்காம் வகுப்பு முடித்த சிறுவன் இங்கே கன்னட வழி வகுப்பில் உட்கார்ந்தால், அகர வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். பத்து வயதுப் பையன் ஆறு வயதுப் பிள்ளைகளின் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கூசிப்போகிறான். அவனுக்குத் தமிழில் வாசிக்கத் தெரியும் என்பதை யாரும் கேட்பதில்லை. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சொல்கிறது. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். இங்கே வாழப்போகும் பிள்ளைக்கு அது வேண்டியதும்கூட. தெரிந்த மொழியைப் பிடிமானமாகக் கொண்டு சில மாதங்கள் சொல்லிக்கொடுத்தால் இரண்டாவது எழுத்து விரைவில் கைவரும்.

விட்ட படியிலிருந்து தொடரலாம்

பாதியில் நின்ற பிள்ளை மீண்டும் தொடர்வதற்கான முறை கர்நாடகத்தின் கையிலேயே இருக்கிறது. 1990களின் நடுவில் மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கி, பிறகு மாநிலமெங்கும் கன்னட அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது 'நலி கலி'. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான இந்த முறையின் இன்னொரு கிளைதான் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல். பாடத்தைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து ஏணியாக அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். இரண்டு மாதம் வராத பிள்ளை திரும்பி வந்தால், நிறுத்திய படியிலேயே தொடரலாம்; வகுப்பு அதற்குள் எந்தப் பாடத்துக்குப் போனது என்ற பயம் தேவையில்லை. இடம்பெயரும் பிள்ளைக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு. ஆனால் மூன்றாம் வகுப்புக்கு மேல் இது செல்வதில்லை. இடைநிற்றல் அச்சுறுத்தும் நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் இப்படியொரு ஏணி அதிகம் தேவைப்படுகிறது.

'டி.சி. எங்கே?'

ஆண்டின் நடுவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் தாயிடம் பள்ளியில் முதலில் கேட்பது டி.சி. என்னும் மாற்றுச் சான்றிதழ், அடுத்தது ஆதார். "எல்லாம் ஊர்ல இருக்கு மிஸ்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிவிடுகிறார். திரும்ப வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது:

• பிரிவு 4: பள்ளிக்கே போகாத அல்லது பாதியில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி தர வேண்டும். மாதிரி விதிகளின்படி இது மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை.

• பிரிவு 5: வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் பள்ளி மாற உரிமை உண்டு. டி.சி. வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

• பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது.

• பிரிவு 15: சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் மறுக்கக் கூடாது.

சேர்ந்தால் மதியச் சாப்பாடு, பால், முட்டை, சீருடை, புத்தகம் எல்லாம் உண்டு. அந்தச் சாப்பாடு பல வீடுகளில் கூலி வராத நாளின் கவலையைக் குறைக்கிறது.

யார் பொறுப்பு?

பிரிட்டிஷ் ராணுவத்தின் கண்டோன்மென்ட் 1809இல் அமைந்த காலம் முதல் சிப்பாய், கொத்தனார், சமையற்காரர், வண்டிக்காரர் எனத் தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தன. இன்று இங்கே சொந்த வீடு கட்டுகிற பலரின் பாட்டனும் பூட்டனும் அப்படி வந்தவர்களே. ஓரிடத்தில் கால் ஊன்ற முடிந்ததும், நடக்கும் தூரத்தில் பள்ளி இருந்ததும்தான் அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிவிட்டன. கால் ஊன்ற விடாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்திலேயே பார்த்தோம். 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் ஏழைகள் குடியிருப்பை இடித்து, சுமார் 1,500 குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்களில் தமிழ் பேசுவோர் ஏராளம். ஆண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் பெற்றோரோடு நடைபாதையில் கிடந்தார்கள்.

அரசு செய்ய வேண்டியது உண்டு: கர்நாடகத்தின் எஸ்.ஏ.டி.எஸ். மாணவர் பதிவும் தமிழ்நாட்டின் எமிஸ் மாணவர் பதிவும் ஒன்றோடொன்று பேச வேண்டும். இடையில் வரும் பிள்ளைக்கான தனிப் பயிற்சி வகுப்பு அருகமைப் பள்ளியிலேயே நடக்க வேண்டும். வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் உண்டு. அஸ்திவாரம் தோண்டும் வாரத்திலேயே ஷெட்டில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டு, பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் தானே கூட்டிக்கொண்டு போய் மேற்சொன்ன நான்கு பிரிவுகளைச் சொல்லலாம். மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், குழந்தைகள் உதவி எண் 1098இலும் முறையிடலாம். வேலை முடிந்து குடும்பம் கிளம்பும்போது, கணக்குத் தீர்க்கும் நாளிலேயே டி.சி.யை வாங்கித் தாயின் கையில் கொடுத்து அனுப்பலாம். அடுத்த சைட்டில் யாருக்கும் இவர்களைத் தெரிந்திருக்காது. அந்தத் தாள் இருந்தால் அங்கே பள்ளி வாசலில் பதில் சொல்ல அவர் தடுமாற மாட்டார்.