அங்கன்வாடி அடுப்பும் வீட்டு அடுப்பும்

தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கூறுகிறது. 1982 முதல் சத்துணவு வழங்கிவரும் மாநிலம் இது! ஆனால், அங்கன்வாடியில் குழந்தை உண்பது ஒருவேளைதான். எஞ்சிய வேளைகள் வீட்டுக்கு உரியவை.

திருச்செந்தூர் வட்டாரத்தில் முருங்கைக்கீரைக்கோ, சாளை மீனுக்கோ, உடன்குடிக் கருப்பட்டிக்கோ பஞ்சமில்லை. பற்றாக்குறை நேரத்துக்குத்தான். உளுந்தங்களி கிண்ட அடுப்படியில் நின்றாக வேண்டும்; ஐந்து ரூபாய் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து ஊட்ட ஒரு நிமிடம் போதும். அந்தத் தேநீரோ உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. கீரைச் சோற்றோடு சிறிது நெல்லிக்காய் சேர்த்தால் அது கூடுதலாகச் சேரும். பெற்றோருக்குச் சொல்லித்தர வேண்டியவை இத்தகைய எளிய செய்திகளே.

இது புதிதன்று. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவளித்ததோடு, ஊட்டும் முறையைத் தாய்க்கும் கற்பித்தது. இன்று சத்துமாவு வழங்கும் நாளிலேயே அதில் கொழுக்கட்டை அவித்துக் காட்டலாம். வறுத்த உளுந்தை மொத்தமாக அரைத்து வைத்துக்கொள்ளும் வழியையும் சொல்லலாம். வகுப்பு ஞாயிறு மாலையில் நடக்கட்டும். தந்தையரும் வந்து களி கிண்டிப் பழகலாம்.